நாலாவது போல்ட்டை நான் தொடவில்லை

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கத் தொடங்கி 19 வருஷம் ஆகிறது. உலோக அரிமானம் பாடம் வரும்போது கரும்பலகையில் இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், எலக்ட்ரான் ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி என்று ஒரு படம் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். அதே படம் மாமியார் வீட்டுக் கொட்டகையில் ஒரு போல்ட்டாக என் முன்னால் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்பேனரை மாட்டி முறுக்கினேன்.

மோட்டார் என் மாமனாருடையது. முட்டத்துக்கு மேற்கே கடற்கரையை ஒட்டிய ஊர். துறைமுகம் கிடையாது. வள்ளத்தை அலை பார்த்துத் தள்ளி இறக்க வேண்டும், திரும்பி வந்ததும் மணலில் ஏற்ற வேண்டும். அந்த மாதிரிக் கரைக்கு இந்த மோட்டார்தான் தோது. வள்ளத்தின் பின்பலகையில் மாட்டிக்கொள்ளலாம், ஆழம் குறைந்தால் விசிறியைத் தூக்கிக்கொள்ளலாம், கரையேறியதும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். எட்டுக் குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகம். மாமா இருந்தவரை, கடலிலிருந்து வந்த கையோடு அதை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் தொங்கவிட்டு ஐந்து நிமிஷம் ஓட்டி, உள்ளே இருக்கிற உப்பைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். 2017-ல் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மோட்டார் கொட்டகையில் சாய்ந்தபடியே இருந்தது. போன வருஷம் மாமாவும் போய்விட்டார்.

இந்த மே விடுமுறையில் மச்சினன் அதை மறுபடி ஓட விட வேண்டும் என்றான். கயிற்றை இழுத்தால் எஞ்சின் சுற்றியது, அது நல்ல சகுனம். ஆனால் கீழே கியர் கேஸுக்கு மேலே இருக்கிற தண்ணீர் பம்பில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ளி எஞ்சினைக் குளிரவைப்பது அதுதான். இத்தனை வருஷம் கிடந்ததில் அது விறைத்து நொறுங்கியிருக்கும், மாற்றாமல் ஓட்டினால் எஞ்சின் வெந்துவிடும். அதை மாற்ற கியர் கேஸை இறக்க வேண்டும். இறக்க நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஊர் மெக்கானிக், எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடுகிறவர், ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நாலு போல்ட்டுக்கு ஒரு வாரமா?" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னதை மச்சினனும் என் மனைவியும் மாமியும் பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள். சாட்சி அதிகம், மறுக்க வழியில்லை.

முதல் போல்ட் வந்துவிட்டது. என் அழிவுக்கு அதுதான் காரணம். 12-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன், 'கிரீச்' என்று ஒரு சத்தம், பிறகு நல்ல பிள்ளையாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். இயற்பியல்காரர் ஒரு கட்டைவிரல் போட்டார்.

இரண்டாவது அசையவில்லை. போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாக, ஈரத்தில் கட்டிப்போன கோலமாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி ஊதித் தள்ளினேன். அது என்னவென்று நான் அந்த நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. துருப்பிடிக்காத எஃகு போல்ட், அதைச் சுற்றி அலுமினிய உடல், இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர். கரும்பலகைப் படம் அப்படியே. எஃகு சௌகரியமாக இருக்க, அலுமினியம் கரைந்து ஹைட்ராக்சைடாக மாறும். மாறியது பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்கு நடுவில் இடம் ஏது? சிமென்ட் மாதிரி நெருக்கி, போல்ட்டை நாலு பக்கமும் ஆப்பு வைத்து இறுக்கிவிடும். பரீட்சையில் கேட்டால் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஊதித் தள்ளிவிட்டு, ஸ்பேனரின் வாலில் ஒன்றரை அடி இரும்புக் குழாயைச் சொருகினேன்.

குழாய் நீளமானால் விசை பெருகும். போல்ட் தாங்குகிற அளவு பெருகாது. இதையும் ஒரு பாடமாக எங்கோ நடத்துகிறார்கள்.

அந்தக் கணத்தைச் சொல்லியாக வேண்டும். இழுத்தேன், முதலில் கல் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மெல்ல இளகிக் கொடுத்தது. சத்தமே இல்லை. ரப்பரை முறுக்குவது மாதிரி, வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி ஒரு சுகமான இளக்கம் கைக்கு வந்தது. "வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தினேன். 'டிக்' என்றது. குழாய் எடையில்லாமல் ஆகி, நான் கொட்டகைச் சுவரில் போய் முட்டினேன். போல்ட்டின் தலை ஸ்பேனருக்குள் இருந்தது. உடம்பு அதன் இடத்தில் அப்படியே இருந்தது. முறிந்த இடம் புதுச் சில்லறை மாதிரி பளபளத்தது.

மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. "அத்தான், டீ குடிக்கியளா?" என்றான்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் ஆலோசனைகளின் மனிதனாக இருந்தேன். யார் எது சொன்னாலும் செய்தேன். கோட்டாற்றுக் கடையில் டபிள்யூடி-40 பெரிய டப்பா வாங்கி வந்தேன். அந்தப் பெயரே 'நீரை விலக்கும் நாற்பதாவது கலவை' என்பதன் சுருக்கம், 1953-ல் அமெரிக்காவில் உருவானது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கியபடியே பீய்ச்சினேன். பீய்ச்சிப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். பத்து நிமிஷம்! ஏழு வருஷத்துக்கு மேல் இறுகினதற்கு எண்ணெய் நாள்கணக்கில் ஊற வேண்டும். தட்டி, மறுபடி விட்டு, மறுபடி தட்டி என்று. எனக்கு வகுப்பு ஒன்று நாற்பத்தைந்து நிமிஷம். அதற்கு மேல் எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை. ஒருவர் கோலா ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதில் இருக்கிற பாஸ்பாரிக் அமிலம் இரும்புத் துருவை ஓரளவு இளக்கும்தான். இங்கே இரும்புத் துருவே இல்லை என்பது மூன்றாவது பாட்டிலில்தான் உறைத்தது. எறும்பு வந்தது. கொட்டகை முழுக்க வந்தது. மாமி மஞ்சள்பொடியைக் கோடாகப் போட்டு வைத்தார்.

முறிந்த போல்ட்டை வெளியே எடுக்க ஒரு கருவி உண்டு, கடைக்காரர்கள் ஈஸி அவுட் என்பார்கள். முறிந்ததன் நடுவில் ஒரு துளை போட்டு, இடப்பக்க மரை கொண்ட இந்த முள்ளை உள்ளே திருகினால், அது பிடித்துக்கொண்டு போல்ட்டையும் சேர்த்துச் சுற்றி வெளியே கொண்டுவரும். பெயரில் ஈஸி இருப்பதை நம்பி வாங்கிவிட்டேன். துளை நடுவில் விழ வேண்டும் அல்லவா? முறிந்த இடம் மேடு பள்ளம்; எஃகு கெட்டி, பக்கத்தில் அலுமினியம் மெது. டிரில் பிட் எந்தப் பக்கம் போகும் என்று ஏழாம் வகுப்புப் பையன் சொல்வான். பாதி போல்ட்டில், பாதி உடலில் என்று ஒரு கோணல் துளை விழுந்தது. அதில் ஈஸி அவுட்டைத் திருகினேன். அது போல்ட்டைப் பிடித்ததா என்று தெரியாது, உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஈஸி அவுட் கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கும். ஆக, முறிந்த போல்ட்டை எடுக்கப் போய், அதற்குள் எடுக்கவே முடியாத இன்னொன்றைப் பூட்டி வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "இப்ப உள்ள எத்தனை இருக்கு?" என்றாள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது போல்ட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அறிவியலோடு போவது என்று முடிவு. சூடாக்கினால் அலுமினியம் அதிகம் விரியும், எஃகு அவ்வளவு விரியாது. விரிவுக் கெழு அலுமினியத்துக்கு 23 என்றால் இந்த வகை எஃகுக்கு 17 பக்கம். ஓட்டை பெரிதாகும், போல்ட் தளரும். கணக்கு சரி. இரவல் வாங்கிய புளோ லாம்ப்பைப் பற்றவைத்து, மூலையில் தீயைக் காட்டிவிட்டு, உலோகம் சிவக்கக் காத்திருந்தேன்.

அலுமினியம் சிவக்காது. கொல்லன் உலையில் இரும்பு பழுப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது ஒரு மோசடி. நல்ல வெளிச்சத்தில் அது கடைசிவரை வெள்ளை முகத்தோடு இருந்துவிட்டு, ஒரு நொடியில் தொங்கும். தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரி. வார்ப்புக் கலவை அதற்கும் முன்னாலேயே இளகத் தொடங்கும். பெயிண்ட் கருகிப் புகைந்தது, ஏதோ ஒரு ரப்பர் சீல் நாறியது. நான் இன்னும் சிவப்பு வரவில்லையே என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூலை, மெழுகுதிரியின் காது மாதிரி, மெல்லத் தலை குனிந்தது. தீயை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். போல்ட் அசையவில்லை. அதைப் பிடித்திருந்த மூலைதான் ஆடியது.

போகட்டும் என்று, இருந்த வெறியில், கியர் கேஸுக்கும் மேல்உடலுக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினேன். ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நாலாவது போல்ட்டை நான் தொடவில்லை. மேஸ்திரி வந்து பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "இத தொட்டியளா?" "இல்லை." "நல்லது." அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

இரண்டாவது கேள்வி: "கியர் கம்பிய விட்டியளா?"

"எந்தக் கம்பி?"

கியர் மாற்றுகிற கம்பி ஒன்று மேலிருந்து கியர் கேஸுக்குள் இறங்குகிறது. அதன் இணைப்பை விடாமல் நாலு போல்ட்டையும் கழற்றினாலும் கேஸ் இறங்காது, அரை அங்குலம் இறங்கித் தொங்கும். அதாவது நான் ஜெயித்திருந்தாலும் தோற்றிருப்பேன். மேஸ்திரி இதை எந்தக் குத்தலும் இல்லாமல் சொன்னார். குத்தலோடு சொல்லியிருந்தால் தேவலை.

அவர் அன்று செய்தது மொத்தம் பதினைந்து நிமிஷ வேலை. நாலாவது போல்ட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராக, பலமில்லாமல், இருபது முப்பது தட்டு. ஆணி அடிக்கிற தட்டு இல்லை, கதவைத் தட்டுகிற தட்டு. உள்ளே இறுகியிருக்கிற வெள்ளைப் பொடியில் விரிசல் விழ வேண்டும், அவ்வளவுதான். பிறகு மாமியிடம் துணி துவைக்கிற 501 பார் சோப்பும், கோயிலில் மிச்சம் வந்த மெழுகுதிரி ஒன்றும் கேட்டார். சோப்பை அலுமினியத்தின் மேல் கோடாகத் தேய்த்தார். கேஸ் தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல், பிள்ளைக்குத் தலை துவட்டுவது மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டினார். சோப்புக் கோடு மஞ்சளாகி, பழுப்பாகத் தொடங்கியதும் தீயை எடுத்துவிட்டார். "இது கறுத்துட்டுன்னா வார்ப்பு பெலம் போயிடும் சாரே. இவ்வளவு போதும்." நான் சிவப்பை எதிர்பார்த்துக் காத்திருந்த இடத்தில் அவருக்கு ஒரு சோப்புக்கட்டி வெப்பமானியாக இருந்தது. சூட்டோடு மெழுகுதிரியைப் போல்ட் ஓரத்தில் வைத்தார். மெழுகு உருகி, யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவது போல, இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது.

"இனி?"

"இனி நாளைக்கு." பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்து அதையே செய்தார். மூன்றாம் நாள்தான் ஸ்பேனரை எடுத்தார், குழாய் இல்லாமல். எடுத்ததும் கழற்றுகிற திசையில் திருப்பவில்லை, இறுக்கினார். மயிரிழை அளவு. பிறகு தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். "காது கொடுங்க" என்றார். 'கிரீ...ச்' என்று மெல்லிய சத்தம். கத்துகிற போல்ட் வரும், சத்தமே இல்லாமல் இளகுகிற போல்ட் முறியும். முறியப் போகிறது என்று எனக்கு ஊமையாகச் சொல்லியதைத்தான் நான் வெண்ணெய், சுகம் என்று கொண்டாடியிருக்கிறேன். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று அரை மணி நேரத்தில் அது வெளியே வந்தது, மரையெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு. மூன்றாவதும் அப்படியே வந்தது, நான் உருக்கிய மூலை மேற்கொண்டு உடையாமல். இரண்டாவதை, உள்ளே இருந்த ஈஸி அவுட்டோடு, நாகர்கோவிலில் ஒரு லேத்துக்கு அனுப்பி, ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் போட்டுப் புது மரை வெட்ட வேண்டியிருந்தது. மூலைக்கு வெல்டிங். செலவுக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. மனைவி எழுதி வைத்திருக்கிறாள்.

இதுவரை சொன்னதெல்லாம் நாலு பேர் பார்த்த தோல்விகள். யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது.

கேஸ் இறங்கி, தண்ணீர் பம்பில் புது ரப்பர் சக்கரம் மாட்டி, போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி விசிறிக்கு மேலே இருந்த ஒரு சின்னக் கட்டியைத் தட்டிப் பார்த்தார். ஜிங்க். துத்தநாகக் கட்டி. கடல்நீரில் கிடக்கிற மோட்டாருக்குப் பலியாடு அதுதான். அலுமினியம் கரைவதற்குப் பதில் தான் கரையும். பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். இந்தக் கட்டி தேயவே இல்லை. கத்தியால் சுரண்டினார், வெள்ளி நிறத்தில் தகடாக உரிந்து வந்தது.

"இதுக்கு மேல யாரு சாரே பெயிண்ட் அடிச்சது? பெயிண்ட் அடிச்சா ஜிங்க் எப்படி வேல செய்யும்? அதான் போல்ட்டெல்லாம் இந்தப் பாடு."

மச்சினன் யோசித்துவிட்டு, "அப்பாவாத்தான் இருக்கும். அவருக்கு மோட்டார் பளபளன்னு இருக்கணும்" என்றான்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கடலில் பார்க்க ஒன்றுமே இல்லை.

2015 மே மாதம். கல்யாணமான புதிது. மாமனார் வீட்டில் ஏதாவது உபயோகமாகச் செய்து காட்ட வேண்டும் என்று அலுமினியம் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி, மோட்டாரின் கீழ்ப்பாதி முழுக்க அடித்தேன். ஜிங்க்குக்கு வரும்போது மாமா, "அதுக்கு வேண்டாம் மக்கா, அத விட்டுரு" என்றார். நான் விடவில்லை. பாடம் நடத்தினேன். "மாமா, அட்டவணைப்படி அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76. எது அதிகம் எதிர்க்குறியோ அதுதான் முதலில் கரையும். துத்தநாகம் எப்படி அலுமினியத்தைக் காப்பாற்றும்? இதெல்லாம் கம்பெனிக்காரன் விற்பதற்குச் சொல்வது." மாமா ஐந்தாம் வகுப்பு. வோல்ட்டுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனார். நான் இரண்டு கோட்டிங் அடித்தேன்.

அட்டவணை சரி. ஆனால் அது ஆய்வகத்துக் கரைசலில், ஆக்சைடு போர்வை இல்லாத உலோகத்துக்கு. கடலில் அலுமினியம் தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கேலமல் மின்வாயை வைத்துக் கடல்நீரில் அளந்தால் துத்தநாகம் −1.03 பக்கம் இருக்கும், அலுமினியக் கலவைகள் −0.75 பக்கம். துத்தநாகம்தான் முதலில் கரையும். மாமா சொன்னது சரி. இது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால், அடுத்த வருஷமே. ஒரு பணியிடைப் பயிற்சியில் யாரோ சொன்னார்கள். உடனே போய் அந்தப் பெயிண்டைச் சுரண்டியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை, உப்புத்தாள் ஒன்று போதும். சுரண்டினால் ஏன் சுரண்டுகிறாய் என்று மாமா கேட்பார். அதனால் சுரண்டவில்லை.

மோட்டாரை டிரம்மில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்த அன்று தெருவே கூடியது. நாலாவது இழுப்பில் கிளம்பியது. நீலப் புகை கொட்டகையை நிறைத்தது. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் கம்பி மாதிரி பீய்ச்சியடித்ததும், "தண்ணி தள்ளுது, தண்ணி தள்ளுது" என்று பிள்ளைகள் குதித்தார்கள். மேஸ்திரி புது ஜிங்க்கை என் கையில் கொடுத்து, "சாரே மாட்டட்டு" என்றார். மாட்டினேன். ஒரே ஒரு போல்ட். பயந்து பயந்து இறுக்கினேன்.

கூட்டம் கலைந்த பிறகு மாமி சமையலறைப் பரணிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டு வந்தார். அரை லிட்டர் டப்பா, வெளியே வெள்ளி நிறத்தில் வழிந்து காய்ந்திருந்தது. மேலே ஒரு பிரஷ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மருமோனே, இது உங்களுக்க பெயிண்டு. அவரு தூரப் போட விடமாட்டாரு. மருமவன் வாங்கினதுன்னு வச்சிருந்தாரு. இனி வேணுமா, போட்டுரட்டா?"

மச்சினன் டப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று மூடியைத் திறக்கப் பார்த்தேன். வரவில்லை. சுற்றிலும் காய்ந்து இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது.

"அத்தான்," என்றான் மச்சினன், "அத நெம்பாண்டாம். மேஸ்திரி நாளைக்கு வருவாரு."